242 விக்கெட், 167 ரன்: சந்திரசேகரின் வலது கை

1/
போன வாரம் ஓபியில் நடந்தது. ஒன்றரை வயசுப் பேரனைத் தூக்கிக்கிட்டு ஒரு பெரியவர் வந்திருந்தார். பையனுக்குச் சளி. மருந்து எழுதிட்டு, வழக்கம்போல தடுப்பூசி அட்டையை வாங்கிப் பார்த்தேன். பதினாலாவது வாரத்தோட எல்லாம் நின்னுபோயிருந்தது. ஒன்பதாம் மாசக் கட்டம் காலி.

"ஏன் ஐயா போடல?"

"போலியோதான் நாட்டுலயே இல்லன்னு நீங்கதான சொல்லுதிய. பொறவு எதுக்கு டாக்டரு?"

கொஞ்சம் நிறுத்தி, சிரிச்சுக்கிட்டே சொன்னார்: "அப்படியே வந்தாலும் என்ன? நம்ம சந்திரசேகரு போலியோ கைய வச்சுக்கிட்டுத்தான வெள்ளக்காரனயே சுருட்டுனாரு!"

2/
எனக்குக் கோபம் வரல. ஏன்னா அவர் சொன்னதுல பாதி உண்மை. ஓபியில கூட்டம் நின்னதால அன்னைக்கு மீதிப் பாதியை விளக்கமா சொல்ல முடியல. அதைத்தான் இங்க எழுதுறேன்.

கொஞ்சம் நீளமான இழை. கிரிக்கெட் இருக்கு, மருத்துவம் இருக்கு, கூட்டல் கழித்தல் கணக்கும் இருக்கு. கிரிக்கெட் பிடிக்காதவங்க ரெண்டே எண்ணை மட்டும் ஞாபகம் வச்சுக்கிட்டா போதும்.

242. 167.

3/
இந்த ரெண்டு எண்ணையும் எனக்கு முதன்முதலா சொன்னவர் ஒரு அண்ணாச்சி. எண்பதுகளோட கடைசி. சாத்தான்குளம் பக்கத்துல தண்ணி வத்துன குளத்துக்குள்ளதான் எங்க டென்னிஸ் பால் மேட்ச். கரையில உடைமர நிழல்ல ஒரு நாற்காலி. அதுல அண்ணாச்சி. மடியில நாப்பது பக்க நோட்டு. எந்த ஊர் டீம் வந்தாலும் ஸ்கோர் எழுதுறது அவர்தான்.

சின்ன வயசுல போலியோ வந்து வலது கால் சூம்பிப் போனவர். நடக்கும்போது வலது கையால வலது தொடையை அழுத்திக்கிட்டே நடப்பார். தொடையின் முன்பக்கத் தசை செயலிழந்தவங்க முட்டி மடங்கி விழாம இருக்க அப்படித்தான் நடப்பாங்கன்னு பின்னாடி மருத்துவக் கல்லூரியில படிச்சேன். சின்னப் பையனா இருந்தப்ப அது "அண்ணாச்சி நடை". அவ்வளவுதான்.

4/
ஒருநாள் மேட்ச் முடிஞ்சதும் கேட்டார்.

"ஏல, டெஸ்ட் மேட்ச்ல எடுத்த விக்கெட்ட விட அடிச்ச ரன்னு கம்மியா வச்சிருக்க நம்ம ஆளு யாருன்னு சொல்லு பாப்போம்?"

எங்களுக்குத் தெரியல.

"சந்திரசேகர்ல. 242 விக்கெட்டு. 167 ரன்னு. என்னைய மாதிரிதான் அவரும். எனக்குக் காலு, அவருக்குக் கையி."

சொல்லும்போது அவர் முகத்துல ஒரு பெருமை. அது இன்னைக்கும் ஞாபகம் இருக்கு.

5/
பகவத் சுப்ரமணிய சந்திரசேகர். 1945 மே 17-ஆம் தேதி மைசூரில் பிறந்தவர். ஐந்தாறு வயசுல போலியோ தாக்கி வலது கை பலமிழந்தது. மணிக்கட்டுப் பக்கம் மெலிந்து, கடைசி வரை அப்படியே இருந்தது. பந்து வீசுறது அந்த வலது கையால. ஃபீல்டிங் செய்து பந்தை எறியறது இடது கையால. எறியற அளவுக்கு வலது கையில பலம் கிடையாது.

எறிய முடியாத கையால 15 வருஷம் டெஸ்ட் கிரிக்கெட்டில் பந்து போட்டார் என்பதை ஒரு நிமிஷம் யோசிச்சுப் பாருங்க.

6/
இங்க கொஞ்சம் மருத்துவம்.

போலியோ வைரஸ் வாய் வழியா உள்ளே போய்க் குடலில் பெருகும். பெரும்பாலானவங்களுக்கு அறிகுறியே இருக்காது. சிலருக்குக் காய்ச்சல், தலைவலி, வயிற்றுப்போக்கு, அவ்வளவுதான். ஆனா தொற்று ஏற்பட்ட சுமார் 200 பேரில் ஒருத்தருக்கு அது தண்டுவடத்துக்குள் நுழையும். அங்க முன்பகுதியில இருக்கற, தசைகளுக்கு "அசை" என்று கட்டளை அனுப்புற நரம்பு செல்களைக் கொல்லும்.

கட்டளை வராத தசை அசையாது. அசையாத தசை சூம்பும். மூச்சு விடும் தசைகள் செயலிழந்தா உயிரே போகும். வாதம் வந்தவங்கள்ல 100-க்கு 5 முதல் 10 பேர் அப்படித்தான் இறக்கறாங்க.

7/
இதுல கவனிக்க வேண்டிய ஒரு விஷயம் உண்டு. போலியோ அசைவைத் தாக்கும், தொடு உணர்வை விட்டுவிடும். சூடு, குளிர், வலி, துணியின் சொரசொரப்பு எல்லாம் அந்தக் கைக்கு நல்லாவே தெரியும். பந்தின் தையல் எங்க இருக்குன்னு சந்திரசேகரின் விரல்களுக்குத் தெரிஞ்சிருக்கும். அதை அழுத்திப் பிடிக்கற பலம்தான் குறைவு.

8/
இன்னொன்று. செத்துப்போன நரம்பு செல் திரும்ப முளைக்காது. ஆனா பிழைச்ச செல்கள் பக்கத்துல அநாதையா நிற்கும் தசை நார்களுக்கும் கிளை விடும். நாலு பேர் வேலையை ஒருத்தர் இழுத்துப் போட்டுச் செய்யற மாதிரி. போலியோ வந்த குழந்தை முதல் ஒன்றிரண்டு வருஷத்துல கொஞ்சம் தேறுவது இதனாலதான். சந்திரசேகரும் பத்து வயசு வாக்கில் ஓரளவு தேறி விளையாட ஆரம்பிச்சார்.

இந்தக் கிளை விடும் விஷயத்தை நினைவில் வச்சுக்கோங்க. கடைசியில அண்ணாச்சி கதைக்கு இது தேவைப்படும்.

9/
அவருக்குப் போலியோ வந்த சமயத்தில் உலகத்தில் எங்கேயும் அதுக்குத் தடுப்பு மருந்து கிடையாது. ஜோனஸ் சால்க்கின் ஊசி 1955-இல் தான் வந்தது. ஆல்பர்ட் சேபினின் சொட்டு மருந்து அறுபதுகளின் தொடக்கத்தில். அவருடைய அப்பா அம்மாவைக் குறை சொல்லவே முடியாது. அவங்க கையில் எந்த வாய்ப்பும் இல்ல.

10/
குடும்பம் பெங்களூர் வந்தது. தெருவுல ரப்பர் பந்து, அப்புறம் கிளப் கிரிக்கெட். 1963-64 சீசனில் மைசூர் அணிக்காக ரஞ்சி. அதே சீசனில், 1964 ஜனவரியில், பம்பாய் பிரபோர்ன் மைதானத்தில் இங்கிலாந்துக்கு எதிரா முதல் டெஸ்ட். வயசு 18. முதல் இன்னிங்ஸிலேயே 67 ரன்னுக்கு 4 விக்கெட்.

தெருக் கிரிக்கெட்டில் இருந்து வந்த, ஒரு கை மெலிந்த பையன், சில மாசத்துல இந்திய அணியில்!

11/
அவர் பந்து எப்படிப்பட்டது? பேருக்கு லெக் ஸ்பின். ஆனா மெதுவா, வளைவா வர்ற லெக் ஸ்பின் இல்ல. நீளமா ஓடி வந்து மிதவேகப் பந்துவீச்சாளர் மாதிரி வேகமா போடுவார். அதிகமா வர்றது கூக்ளியும் டாப் ஸ்பின்னும். தரையில பட்டதும் விர்ருனு எழும்பும். பேட்ஸ்மேன் பின்னங்காலுக்குப் போகும் முன்னாடியே பந்து வந்து சேர்ந்துடும்.

"பந்து எந்தப் பக்கம் திரும்பும்னு போட்டவருக்கே தெரியாது, அடிக்கறவனுக்கு எப்படித் தெரியும்?" என்று ஒரு பேச்சு அப்போ ரொம்பப் பிரபலம்.

12/
"போலியோ வந்ததால்தான் கை சாட்டை மாதிரி சுழன்றது, அதனாலதான் அந்த வேகம்" என்று நிறையப் பேர் எழுதியிருக்காங்க. மருத்துவரா என் கருத்து இது. எடை குறைந்த கையை வேகமாகச் சுழற்றுவது சுலபம், அது உண்மை. ஆனா சுழற்றத் தேவையான தசையும் குறைவா இருக்குமே? தோளும் முதுகும் ஓட்டமும் சேர்ந்து அந்தக் குறையை ஈடு செய்திருக்கணும். எது எவ்வளவு என்று யாரும் அளந்ததில்ல.

ஒரே ஒரு விஷயத்தை உறுதியா சொல்லலாம். போலியோவால் கை மெலிந்தவங்க இந்த நாட்டில் லட்சக்கணக்கில் இருந்தாங்க. அந்தக் கையால் 242 விக்கெட் எடுத்தவர் ஒருத்தர்தான். காரணம் மெலிந்த கைதான் என்றால் மத்தவங்களும் எடுத்திருக்கணுமே!

13/
சரி, ஓவலுக்குப் போவோம். பெரியவர் "வெள்ளக்காரன சுருட்டுனாரு"ன்னு சொன்னாரே, அது இதுதான்.

1968-க்கு அப்புறம் காயம், விபத்து என்று சந்திரசேகர் மூணு வருஷத்துக்கு மேல டெஸ்ட் அணியில் இல்ல. 1971-இல் அஜித் வடேகர் தலைமையில் இங்கிலாந்துக்குப் போன அணியில் திரும்ப வந்தார். துணைத் தலைவர் நம்ம சென்னை வெங்கட்ராகவன். அதுவரை இந்தியா இங்கிலாந்து மண்ணில் ஒரு டெஸ்ட் கூட ஜெயிச்சதில்ல.

14/
ஓவல் டெஸ்ட். ஆகஸ்ட் மாசம். முதல் இன்னிங்ஸில் இங்கிலாந்து 355, இந்தியா 284. 71 ரன் பின்தங்கல். டிரா ஆனாலே பெரிசு என்ற நிலை.

ரெண்டாவது இன்னிங்ஸ். ஜேம்சன் நல்லா ஆடிக்கிட்டு இருக்கார். எதிர்முனையில் லக்ஹர்ஸ்ட் நேரா அடிச்ச பந்து, பந்து வீசிய சந்திரசேகரின் கையில் பட்டுத் திரும்பி ஸ்டம்ப்பில் மோதியது. கோட்டுக்கு வெளியே நின்ன ஜேம்சன் ரன் அவுட். அங்க இருந்துதான் சரிவு.

15/
அடுத்து எட்ரிச். அவருக்கு ஓடி வரும்போது "மில் ரீஃப் போடு" என்று திலிப் சர்தேசாய் சொன்னதா ஒரு கதை உண்டு. மில் ரீஃப் என்பது அந்த வருஷம் இங்கிலாந்தின் டெர்பி பந்தயத்தில் ஜெயிச்ச குதிரை. நம்ம ஆட்களுக்குள்ள, சந்திரசேகரின் வேகப் பந்துக்கு அதுதான் ரகசியப் பேர். எட்ரிச் மட்டையை இறக்கும் முன்னாடியே ஸ்டம்ப் போச்சு. அடுத்து வந்த பிளெட்சர் முதல் பந்திலேயே சோல்கர் கையில் கேட்ச்.

இங்கிலாந்து 101-க்கு ஆல் அவுட். சந்திரசேகர் 18.1 ஓவர், 38 ரன், 6 விக்கெட். வெங்கட்ராகவன் 2 விக்கெட்.

16/
ஆகஸ்ட் 24. தேவை 173. இந்தியா 6 விக்கெட் இழந்து 174. இங்கிலாந்தில் முதல் டெஸ்ட் வெற்றி, முதல் தொடர் வெற்றி. அந்தச் சமயம் விநாயகர் சதுர்த்தி வேற. நம்ம ஆட்கள் உயிரியல் பூங்காவில் இருந்து பெல்லா என்ற யானையையே மைதானத்துக்குக் கூட்டிட்டு வந்துட்டாங்க!

1972-இல் சந்திரசேகருக்குப் பத்மஸ்ரீ. அதே வருஷம் விஸ்டன் புத்தகத்தின் சிறந்த ஐவரில் ஒருவர்.

17/
அது ஒரு நாள் கூத்து இல்ல.

1972-73-இல் இங்கிலாந்து இங்க வந்தபோது 5 டெஸ்டில் 35 விக்கெட். டெல்லியில் 79 ரன்னுக்கு 8. சேப்பாக்கத்தில் 90-க்கு 6.
1974-இல் பெங்களூரில் விவியன் ரிச்சர்ட்ஸ் என்ற புதுப் பையனின் முதல் டெஸ்ட். ரெண்டு இன்னிங்ஸிலும் சந்திரசேகர்தான் அவுட் ஆக்கினார். 4 ரன், 3 ரன்.
1978 புத்தாண்டு வாரத்தில் மெல்போர்னில் 52-க்கு 6, மறுபடியும் 52-க்கு 6. ஆஸ்திரேலிய மண்ணில் இந்தியாவின் முதல் டெஸ்ட் வெற்றி. பேக்கர் தொடருக்குப் பல முன்னணி ஆட்டக்காரர்கள் போயிட்டதால் அது பலவீனமான ஆஸ்திரேலியா என்பதையும் சொல்லிடணும்.

இந்தியா ஜெயிச்ச டெஸ்ட்களில் 14-இல் அவர் ஆடினார். அதில் மட்டும் 98 விக்கெட். ஒரு வெற்றிக்கு 7.

18/
இப்போ ரெண்டாவது எண்ணுக்கு வருவோம். 167.

58 டெஸ்ட். 80 இன்னிங்ஸ். 167 ரன். சராசரி 4.07. அதிகபட்சம் 22.

ரேடியோ காலத்து ஆட்களைக் கேட்டுப் பாருங்க. கடைசி ஆளா சந்திரசேகர் இறங்கறார்னு சொன்ன உடனே, "அமத்துல ரேடியோவ"ன்னு ஒரு குரல் வரும்.

19/
சராசரி என்பது எப்படி ஏமாத்தும் என்பதுக்கு இது நல்ல உதாரணம். 80 இன்னிங்ஸில் 39 முறை அவர் அவுட் ஆகல. அட, பரவாயில்லையேன்னு தோணும். ஆனா கடைசி ஆள் அவுட் ஆகாம நிற்கிறார் என்றால், பெரும்பாலும் எதிர்முனையில் இருந்தவர் அவுட் ஆகிட்டார் என்றுதான் அர்த்தம்.

மீதி 41 முறை அவுட். அதில் 23 முறை முட்டை. அவுட் ஆனதில் பாதிக்கும் மேல பூஜ்யம்! ஒரே டெஸ்டின் ரெண்டு இன்னிங்ஸிலும் முட்டை வாங்கியது 4 தடவை. மொத்த ரன்னை மொத்த இன்னிங்ஸால் வகுத்தா, களமிறங்கும் ஒவ்வொரு முறைக்கும் ரெண்டு ரன்தான் தேறும்.

20/
1977-78 ஆஸ்திரேலியத் தொடரில் நாலு முட்டை வாங்கினதுக்காக, கிரே நிக்கல்ஸ் கம்பெனி நடுவுல ஓட்டை போட்ட ஒரு மட்டையைப் பரிசா கொடுத்தாங்க. மனுஷன் சிரிச்சுக்கிட்டே வாங்கிக்கிட்டார். மெல்போர்னில் 12 விக்கெட் எடுத்ததும் அதே தொடர்தான்.

முதல்தர கிரிக்கெட் முழுக்கவும் இதே கதை. 246 மேட்ச், 1063 விக்கெட், 600 ரன். டெஸ்டில் 200 விக்கெட்டுக்கு மேல எடுத்து, அதை விடக் குறைவா ரன் வச்சிருக்கற இன்னொருத்தர் பின்னாடி வந்த நியூசிலாந்தின் கிறிஸ் மார்ட்டின். 233 விக்கெட், 123 ரன். அவருக்கு ரெண்டு கையும் நல்லாத்தான் இருந்தது. ஆகவே பேட்டிங் வராததுக்கெல்லாம் போலியோவைக் காரணம் காட்டவும் முடியாது!

21/
ஆனாலும் ஒரு மருத்துவரா அந்த 167-ஐப் பார்த்தா எனக்குச் சிரிப்பு வரல. வலதுகைப் பேட்ஸ்மேனுக்கு மட்டையின் மேல் பக்கம் இடது கை, கீழ் பக்கம் வலது கை. வேகமா வர்ற பந்து மட்டையில் மோதும்போது திருகாமல் பிடிக்கவும், ஓங்கி அடிக்கவும் கீழ்க் கை வேணும். அதுதான் சந்திரசேகருக்குப் பலமில்லாத கை. தலைக்கவசம் பழக்கத்துக்கு வராத காலத்தில் 80 தடவை அந்தக் கையோட இறங்கி நின்னார்.

242 எடுத்த கையும் 167 எடுத்த கையும் ஒண்ணுதான். அந்தக் கையில இருந்த குறையை அவர் பந்துவீச்சுல மறைச்சுட்டார். பேட்டிங்கில அது மறையல.

22/
அவருடைய பேட்டிங்கால் இந்தியாவுக்கு எவ்வளவு நஷ்டம்? கணக்குப் போடலாம். அந்தக் காலத்துச் சுழல் நால்வர்:

பேடி: 266 விக்கெட், 656 ரன், சராசரி 8.98
சந்திரசேகர்: 242 விக்கெட், 167 ரன், சராசரி 4.07
பிரசன்னா: 189 விக்கெட், 735 ரன், சராசரி 11.48
வெங்கட்ராகவன்: 156 விக்கெட், 748 ரன், சராசரி 11.68

நால்வரில் வெங்கட்ராகவனின் பேட்டிங் சராசரிதான் அதிகம். சந்திரசேகர் அவர் அளவுக்கு ஆடியிருந்தா, அவுட் ஆன 41 தடவைக்கும் சேர்த்து சுமார் 312 ரன் கூடுதலா வந்திருக்கும். 58 டெஸ்டுக்குப் பிரிச்சா, ஒரு டெஸ்டுக்கு அஞ்சு ரன் சொச்சம்.

23/
அந்த அஞ்சு ரன்னைக் கொடுத்து இந்தியா என்ன வாங்கியது? ஒரு விக்கெட் எடுக்க வெங்கட்ராகவனுக்கு 95 பந்து, பேடிக்கு 80, பிரசன்னாவுக்கு 76. சந்திரசேகருக்கு 66.

ஒரு டெஸ்டுக்கு அஞ்சு ரன் நஷ்டம், ஓவலும் மெல்போர்னும் லாபம். 1964-இல் ஒரு தேர்வாளர் "இந்தக் கையை வச்சுக்கிட்டு இவன் என்ன பண்ணுவான்"னு அவரை ஒதுக்கியிருந்தா? அப்படி ஒதுக்காதவங்களுக்கும் இந்தக் கதையில் பங்கு உண்டு. இன்னைக்கும் ஒரு குழந்தையோட குறையை மட்டும் பார்த்து "இவனுக்கு எதுக்கு விளையாட்டு, ஓரமா உக்காரட்டும்"னு சொல்ற பெற்றோரை ஓபியில் பார்க்கிறேன். அவங்களுக்கு நான் சந்திரசேகர் கதையைத்தான் சொல்வேன்.

24/
பேஸ்பாலிலும் இப்படி ஒருத்தர் உண்டு. ஜிம் அபாட். அமெரிக்கர். பிறக்கும்போதே வலது உள்ளங்கை கிடையாது. அந்த ஆட்டத்தில் பந்து எறிபவரை பிட்சர் என்பார்கள். அபாட் கையுறையை வலது முழங்கையின் முனையில் தொங்கவிட்டு, இடது கையால் எறிஞ்சுட்டு, அடுத்த நொடியே இடது கையைக் கையுறைக்குள் நுழைச்சுப் பந்தைப் பிடிக்கத் தயாராகிடுவார். 1993 செப்டம்பர் 4-ஆம் தேதி, நியூயார்க் யாங்கீஸ் அணிக்காக, எதிரணிக்கு ஒரு 'ஹிட்' கூட விடாமல் முழு ஆட்டத்தையும் முடிச்சார். அந்த ஆட்டத்தில் அது பெரிய சாதனை.

25/
பிட்சர்களின் பேட்டிங் பொதுவா மோசம் என்பதால், அமெரிக்கன் லீக் 1973-லேயே அவங்களுக்குப் பதிலா வேற ஒருத்தர் பேட் பிடிக்கலாம்னு விதி கொண்டு வந்துட்டாங்க. நேஷனல் லீகும் 2022-இல் நிரந்தரமா அதுக்கு மாறியது. அபாட் பெரும்பாலும் அமெரிக்கன் லீகில் ஆடியதால் பேட் பிடிக்கற வேலையே வரல. கடைசி வருஷமான 1999-இல் மில்வாக்கி அணிக்குப் போனபோதுதான் வந்தது. 21 வாய்ப்பில் 2 ஹிட். அந்த ரெண்டு ஹிட்டையும் அமெரிக்கர்கள் இன்னும் பேசறாங்க.

சந்திரசேகருக்கு அப்படி ஒரு விதி கிடையாது. பதினோராவது ஆளா அவரேதான் இறங்கணும்.

26/
இப்போ ஓபி பெரியவரின் கேள்விக்கு வருவோம். "போலியோ வந்தும் அவர் சாதிச்சாரே?"

மருத்துவக் கல்லூரி முடிச்சு ஊருக்கு வந்த புதுசுல இதே கேள்வியை அண்ணாச்சிகிட்ட நான் கேட்டேன். "நீங்க சந்திரசேகரைப் பத்தி அவ்வளவு பெருமையா பேசுவீங்களே அண்ணாச்சி, போலியோ வந்தவங்களுக்கு அவர் ஒரு நம்பிக்கை இல்லையா?"

அண்ணாச்சி சொன்னது: "நம்பிக்கதான் தம்பி. ஆனா நான் முப்பது வருசமா ஸ்கோர் எழுதுதேன். நோட்டுல ஆடுனவன் பேருதான் இருக்கும். கரையில உக்காந்திருந்தவன் பேரு எங்க இருக்கும்?"

27/
புள்ளிவிவரப் பாடத்தில் இதைப் பக்கம் பக்கமா படிச்சிருக்கேன். தப்பிப் பிழைச்சவங்களை மட்டும் எண்ணினா கணக்கு தப்பாத்தான் வரும் என்பார்கள். அண்ணாச்சி சொன்ன அளவுக்கு யாரும் எனக்குப் புரிய வைக்கல.

அவர் பேர் எந்த ஸ்கோர் நோட்டிலும் இல்ல. எழுதினது முழுக்க அவர் கை.

28/
சொட்டு மருந்து நாடு முழுக்கத் தடுப்பூசித் திட்டத்தில் சேர்வதற்கு முன்னாடி பிறந்தவர் அண்ணாச்சி. எண்பதுகளிலும் கூட இந்தியாவில் வருஷத்துக்கு சுமார் 2 லட்சம் குழந்தைகளுக்குப் போலியோ வாதம் வந்ததா மதிப்பீடு. ஒவ்வொரு வருஷமும் ஒரு பெரிய நகரத்து மக்கள்தொகை அளவுக்கு!

வேலூர் சிஎம்சியின் வைராலஜி நிபுணர் ஜேக்கப் ஜான், ஒரு பகுதியில் உள்ள எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரே சமயத்தில் சொட்டு மருந்து கொடுத்தா வைரஸுக்குத் தங்க இடமே இல்லாமப் போகும் என்பதை எண்பதுகளில் வேலூரில் செய்து காட்டினார். 1995 டிசம்பரில் நாடு முழுக்கப் பல்ஸ் போலியோ தொடங்கியது. பஸ் ஸ்டாண்டு, திருச்செந்தூர் கோயில் வாசல், மணப்பாடு கடற்கரைக் குடியிருப்பு, தேரிக்காட்டுக்கு நடுவுல இருக்கற நாலு வீடு, எல்லா இடத்துக்கும் ஐஸ் பெட்டியைத் தூக்கிட்டுப் போன செவிலியர்களும் அங்கன்வாடி அக்காக்களும்தான் இதை முடிச்சு வச்சாங்க.

29/
2011 ஜனவரியில் மேற்கு வங்கம் ஹவுராவில் கடைசி நோயாளி. 2014 மார்ச் 27-இல் இந்தியா போலியோ இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனத்தின் சான்று.

"அப்ப எதுக்கு இன்னும்?" ஏன்னா பாகிஸ்தானிலும் ஆப்கானிஸ்தானிலும் இயற்கையான போலியோ வைரஸ் இன்னும் இருக்கு. தடுப்பூசி போடாதவங்க அதிகமா சேர்ந்த இடத்துல, சொட்டு மருந்தில் இருந்து வரும் பலவீனமான வைரஸே நீண்ட காலம் சுத்தி மறுபடி வீரியம் பெறவும் முடியும். 2022-இல் லண்டன் கழிவுநீரில் அப்படிப்பட்ட வைரஸைக் கண்டுபிடிச்சாங்க. அதே வருஷம் நியூயார்க் மாநிலத்தில் தடுப்பூசி போடாத ஒருத்தருக்கு வாதமே வந்தது. தூத்துக்குடி துறைமுகம் வச்சிருக்கற நாம "இங்க எங்க வரப்போகுது"ன்னு இருக்க முடியுமா?

30/
அண்ணாச்சி கதையின் மிச்சம். சில வருஷத்துக்கு முன்னாடி என்கிட்ட வந்தார். "தம்பி, இப்ப நல்ல காலும் வலுவில்லாமப் போவுது. நாலு எட்டு நடந்தா அசதி."

எட்டாவது பதிவில் சொன்னேனே, பிழைச்ச நரம்பு செல்கள் நாலு பேர் வேலையைச் செய்யும்னு. நாப்பது வருஷம் அப்படி உழைச்ச செல்கள் மெல்ல மெல்ல ஓயும். நல்ல கால்னு நினைச்ச காலிலும் வெளியில தெரியாத பாதிப்பு இருந்திருக்கும். போலியோ வந்து பல பத்தாண்டு கழிச்சு புதுசா வரும் இந்தப் பலவீனத்துக்குப் பிந்தைய போலியோ நோய் என்று பேர். குணப்படுத்தும் மருந்து கிடையாது. ஓய்வு, அளவான பயிற்சி, ஊன்றுகோல், அவ்வளவுதான்.

மூணு வயசுல வந்த வியாதி அறுபதை நெருங்கறப்ப ரெண்டாவது தடவை வந்து கதவைத் தட்டுது. இதை எந்த சாதனைக் கதையிலும் எழுதறதில்ல.

31/
பெரியவர்கிட்ட அன்னைக்கு நான் சொன்னது ரொம்பச் சுருக்கம்.

"ஐயா, சந்திரசேகருக்கு வந்தப்போ ஊசியே கிடையாது. அவங்க அப்பாவுக்கு வேற வழியில்ல. உங்களுக்கு இருக்கு. ஓசியா இருக்கு. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துல இருக்கு."

பெரியவர் பேரனோட கையைப் பிடிச்சு ஒருதரம் மடக்கி நீட்டிப் பார்த்தார். "புதன்கிழமதான போடுவாவ?" என்று கேட்டார்.

32/
உங்க வீட்டு அட்டையை எடுத்துப் பாருங்க. சொட்டு மருந்து: பிறந்ததும், 6, 10, 14-ஆம் வாரங்கள், அப்புறம் 16 முதல் 24 மாசத்துக்குள் ஒரு பூஸ்டர். போலியோ ஊசி: 6-ஆம் வாரம், 14-ஆம் வாரம், 9-ஆம் மாசம். அந்த 9-ஆம் மாச ஊசி 2023 ஜனவரியில் சேர்க்கப்பட்டது. நிறையப் பேர் விடறது அதைத்தான். விட்டுப்போயிருந்தா தாமதமானாலும் போய்க் கேளுங்க. திட்ட மாட்டாங்க. முகாம் நாள் சொட்டு மருந்து இதுக்குக் கூடுதல், இதுக்குப் பதில் இல்ல.

33/
சந்திரசேகரின் கடைசி டெஸ்ட் 1979-இல் எட்ஜ்பாஸ்டனில். 58 டெஸ்ட், 242 விக்கெட், 167 ரன். கணக்கு முடிஞ்சது.

போன ஞாயித்துக்கிழமையும் எங்க ஊர்ல மேட்ச் நடந்தது. அண்ணாச்சி இப்போ கரைக்கு வர்றதில்ல. வீட்டுத் திண்ணையில உட்கார்ந்து, பையன் போன்ல சொல்லச் சொல்ல நோட்டுல எழுதறார்.

கேள்வி இருந்தா கீழ கேளுங்க, ஓபி முடிஞ்சதும் பதில் போடுறேன்.

பொது மருத்துவர்,
சாத்தான்குளம்